மூடியில் எழுதிய பெயர்

ஜூன் 8

அன்புள்ள தங்கைக்கு,

தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்றே மறந்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் தபால் நிலையத்திலேயே கிடைக்கும் என்று ஒருவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. உன் அக்கா பெரிய விஞ்ஞானி.

ஞாயிற்றுக்கிழமை நீ பாதியில் போனை வைத்ததும் நான் மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மணிகூட அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். சொன்னதற்காக அவரைத் திட்டாதே, பாவம். போன் இல்லாவிட்டால் காகிதம். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

நடந்தது இதுதான். உன் மகளின் தோலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் தட்டின் மூடியில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அவளுக்கு விழுந்த எண் நாற்பத்தொன்று. எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நான் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளை. "சிட்டு" என்று எழுதிவிட்டேன். என் மாணவி அந்தப் பெயரையே படக்கோப்புக்கும் வைத்தாள். மாநாட்டில் நான் காட்டிய படத்தின் மூலையில் அது அப்படியே நின்றிருக்கிறது. தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது படவில்லை. யாருக்கும் அது யார் என்று தெரியாது. ஒருவர் என்னிடம் வந்து, பறவைத் தோலையா ஆராய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெயரை இப்போது எடுக்கச் சொல்லிவிட்டேன். இதற்கு இத்தனை கோபமா என்று எனக்குப் புரியவில்லை. சிட்டுவின் கால் எப்படி இருக்கிறது? வெயிலில் நடக்க விடாதே.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு மனமில்லை.

புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். நீ பேசுவதை நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று இவர்தான் கண்டுபிடித்து டிவியில் போட்டார். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். "எங்கக்கா பேசுறா, வந்து பாருங்க"ன்னு நானேதான் கூப்பிட்டேன். சிட்டு சோபாவில் கால் இரண்டையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். பள்ளியில் மாடிக்கு ஏறி இறங்கியதில் வந்தது.

நீ நன்றாகத்தான் பேசினாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பெருமையாக இருந்தது. அப்புறம் பச்சை நிறத்தில் ஒரு செல்லைக் காட்டினார்கள். இழுத்தார்கள். கிழிந்தது. கீழே என் மகள் பெயர். எல்லாரும் கைதட்டினார்கள், அக்கா.

"அது நானாம்மா?"ன்னு கேட்டாள்.

"இல்லடி, அது வேற சிட்டு."

"அப்ப நீ ஏன் அழற?"

பக்கத்து வீட்டம்மா அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவர் வீட்டில் அந்நேரத்துக்குப் பாலே கிடையாது.

பெயர்தான் உனக்குத் தப்பாகத் தெரிகிறதா? ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையில் தோலைக் கிள்ளி எடுத்தபோது இன்னொரு கையை நீதான் பிடித்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்து என்னிடம் என்ன சொன்னாய்? "இதுலேர்ந்து ஏதாவது வழி பிறக்கும்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செருப்புக் கடையில் நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளின் காலை மடியில் தூக்கி வைத்து ஷூ மாட்டுகிறவள் நான். ஒவ்வொரு காலாகப் பார்ப்பேன், ஒரு கொப்புளம் இருக்காது. கடையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், எங்கக்கா மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று. நீ என்னடாவென்றால் கிழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தச் செல்லையெல்லாம் அழித்துவிடு. அவள் உடம்பிலிருந்து வந்தது. அவள் அம்மா சொல்கிறேன்.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள தங்கைக்கு,

சிட்டு பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அதை நீ போனில் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

மருந்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். மருந்து இல்லை. நான் மருந்து தேடுகிறவளும் இல்லை. இழை எப்படி இழுபடுகிறது, எப்படி அறுகிறது என்று அளக்கிறவள். நாங்கள் அளப்பதை வைத்து என்றைக்காவது யாராவது ஏதாவது செய்யலாம். அது சிட்டுவுக்கு உதவுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் உன் முகத்தைப் பார்த்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. வழி பிறக்கும் என்று வந்துவிட்டது.

ஆனால் கிழித்துப் பார்க்கிறேன் என்று எழுதினாய் பார், அது எனக்குச் சுருக்கென்றது. எதைப் பார்க்கிறேன் என்று ஒருமுறை கேளேன்.

செல் என்றால் தண்ணீர்ப் பை என்று நாம் பள்ளியில் படித்தோம். வெறும் பையாக இருந்தால் நீ ஒருமுறை கை தட்டினாலே உள்ளங்கை பிய்ந்துவிடும். உள்ளே மூன்று வகை இழைகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விறைப்பாகக் கம்பி மாதிரி நிற்கும், ரொம்ப வளைத்தால் ஒடியும். இன்னொன்று செல்லை நகர வைக்கும், கொஞ்சம் இழுத்தாலே அறும். மூன்றாவதுதான் நான் இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டு அழுவது. புரதச் சங்கிலிகளை இரண்டிரண்டாக முறுக்கி, முறுக்கியதைச் சேர்த்துச் சேர்த்துத் திரித்த கயிறு. இழுத்தால் முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு உள்முறுக்குகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கொடுக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீளும், அறாது. அதற்கும் மேலே இழுத்தால் மறுபடி இறுகிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் விறைக்கும், நிதானமாக இழுத்தால் இடம் கொடுக்கும். நம் தோலுக்கு வலு அதனால்தான்.

சிட்டுவுக்கு அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறிப்போயிருக்கிறது. கயிறு உண்டாகிறது, ஆனால் உரசலும் சூடும் பட்டால் கட்டுக்குலைந்து சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்டுவிடுகிறது. தாங்க ஆளில்லாமல் செல் கிழிகிறது. நீ பார்க்கும் கொப்புளம் அதுதான். ஆனால் நிதானமாக இழுக்கும்போது அவள் செல் நம் செல்லுக்குக் கிட்டத்தட்டச் சரிசமமாக நிற்கிறது. நாங்கள் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. இழுத்து விட்ட பிறகு என்ன ஆகிறது என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறோம். பாவாடை எலாஸ்டிக்கை நினைத்துக்கொள். ஒரு வகை இழை பழைய நீளத்துக்கே திரும்பிவிடும், ஆனால் உள்ளே இளகிப்போயிருக்கும். பார்த்தால் தெரியாது, மறுபடி இழுத்தால்தான் தெரியும். தோலின் இழை அப்படி இல்லை. நீண்டது நீண்டதுதான், பலம் மட்டும் குறைவதில்லை. சிட்டுவுடையது இதில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பாதி வேலை முடிந்திருக்கிறது. இப்போது அழித்தால் என் மாணவியின் மூன்று வருடமும் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட தாளில், வேலை தொடங்கிய பிறகு திரும்பக் கேட்க முடியாது என்று இருக்கிறது. சட்டப்படி நான் அழிக்க வேண்டியதில்லை. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை.

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

மிரட்டலாகச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டால் மிரட்டல் இல்லாமல் போய்விடுமா?

நான் கையெழுத்துப் போட்டது தாளைப் படித்துவிட்டு இல்லை. பேனாவை நீட்டியது யார் என்று பார்த்துவிட்டுப் போட்டேன். டாக்டர் நீட்டியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். நீ நீட்டினாய், அதனால் எங்கே போடணும் என்று மட்டும் கேட்டேன்.

மருந்து இல்லை என்று சொன்னதற்கு நன்றி. உண்மையாகவே நன்றி. கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்பார்கள், "அக்கா மருந்து என்ன ஆச்சு?" ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சிட்டுவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் நூல் கதையை இரண்டு தரம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே எதையாவது இழுத்துப் பிய்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது பார்த்தாயா என்று என்னிடம் காட்டுவாய். என் பொம்மையின் கையை அப்படித்தான் பிய்த்தாய். அன்றைக்கும் நான்தான் அழுதேன், நீ உள்ளே இருந்த ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

அழித்துவிட்டு எழுது. அதுவரை எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

தங்கை

நவம்பர் 20

அக்கா,

எழுத மாட்டேன் என்று சொன்னவளே எழுதுகிறேன். சிரிக்காதே.

உன் தடுப்பை எடுத்துவிட்டுப் போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். உன் குரலைக் கேட்டால் எங்கேயாவது ஆரம்பித்து எங்கேயாவது போய் முடியும். நீ கையெழுத்து என்பாய், நான் பொம்மை என்பேன். அவசரம் ஒன்றுமில்லை, கடிதமே போடலாம் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் இருக்கும் செல்கள் எங்கே ஓடிவிடப்போகின்றன.

விஷயம் இதுதான். பள்ளியில் செல் பாடம் நடத்தியிருக்கிறார்கள். டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து, மிச்சமெல்லாம் தண்ணீர் என்றாராம். இவள் எழுந்து, "இல்ல டீச்சர், உள்ள நூல் இருக்கு, எங்க பெரியம்மா அதைப் பிடிச்சு இழுப்பாங்க" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். டீச்சர், நூலா, ஊசியும் இருக்குமா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து பையைப் போட்ட கையோடு உன் பேச்சைத் தேடிப் போட்டாள். எனக்குத் தெரியாமல் அவள் அதை ஏற்கெனவே பல தடவை பார்த்திருக்கிறாள். நான் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். "நீ கடைசியை மட்டும் பாக்கறம்மா. இங்க வா, முதல்லேர்ந்து பாரு" என்று பிடித்து உட்கார வைத்தாள்.

பார்த்தேன். அக்கா, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது. இழுக்க இழுக்க நீளுகிறது, போய்விடும் போய்விடும் என்று பார்த்தால் நிற்கிறது. "பாரு, இன்னும் அறலை. பாரு, இப்பவும் அறலை" என்று கையைச் சுண்டிச் சுண்டிக் காட்டினாள். கிழிவது கடைசியில் ஒரு நொடிதான். நான் அந்த ஒரு நொடியைத்தான் இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கைதட்டியதும் கிழிந்ததற்கு இல்லை போலிருக்கிறது.

மருந்து இல்லை என்று அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்மா, அவங்க மருந்துன்னு ஒரு இடத்துலயும் சொல்லல" என்றாள். பெரிய மனுஷி. அவள் பேச்சை முழுக்கக் கேட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை.

வைத்துக்கொள். வேலையை முடி. பெயரும் இருக்கட்டும், பெயரை எடுத்ததில் அவளுக்கு உன்மேல் வருத்தம். விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நேரில் பார்க்க வேண்டுமாம். உள்ளே மெத்தை வைத்த ஷூ ஒன்று கடையிலேயே நானே தைத்திருக்கிறேன், ஸ்டேஷனிலிருந்து உன் ஆய்வகம் வரைக்கும் நடந்தே வருவாளாம். "என் செல்லுக்கு ஒரு டாட்டா காட்டிட்டு வரேன்" என்கிறாள். அந்த மைக்ராஸ்கோப்பில் அவள் உயரத்துக்கு ஸ்டூல் இருக்குமா?

உன் தங்கை

நவம்பர் 21

அன்புள்ள தங்கைக்கு,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். அழித்துவிட்டு எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

அளவுகள் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன் என்பதை மறைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்பேன். இழை அளவு ஓரளவுக்கு வந்தது. மறுபடி ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்தால்தான் வெளியே சொல்ல முடியும். அதற்காகப் போன வாரம் புதுத் தட்டு எடுத்தேன். மூடியில் எண் எழுதச் சொல்லி மாணவி பேனாவை நீட்டினாள். நாற்பத்தொன்று என்று தயங்காமல் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத்தான் பார்த்தேன், சிட்டு எனக்கு வெறும் எண்ணாகிவிட்டாள். இதற்குத்தான் அத்தனை சண்டையா என்று தோன்றியது. பேனாவை நீட்டியது யார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அதை நான் மேசை விளக்கின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் செய்தேன். மாணவி தானே செய்வதாகச் சொன்னாள், நான் விடவில்லை. அவள் வேறு செல்லை வைத்து முதலிலிருந்து தொடங்க ஒப்புக்கொண்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

எப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்த குப்பிகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். உருகியதும் பிளீச் ஊற்றினேன். வளர்ப்புப் பெட்டியில் இருந்த தட்டுகளுக்கும் அப்படியே. செல் வளரும் திரவம் ரோஜா நிறத்தில் இருக்கும், பிளீச் பட்டதும் வெளுத்துவிடும். பழைய தட்டு ஒன்றில் "சிட்டு" என்று எழுதியது அப்படியே இருந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்தேன். உடனே போகவில்லை, நான் அழுத்தி எழுதுகிறவள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. ஒரு குப்பியை ஒளித்து வைக்கலாம் என்று மனதில் வந்தது, வைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அளவு தாள்கள் இருக்கின்றன. படங்களில் பெயர் இல்லை. நெட்டில் இருக்கும் பேச்சையும் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன், இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள்.

உன் பொம்மைக்கு நான் கை ஒட்டிக் கொடுத்தேன், அது உனக்கு ஞாபகம் இல்லை. கோணலாகத்தான் ஒட்டியது.

சிட்டுவை ஒருமுறை பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

அக்கா

நவம்பர் 27

அக்கா,

என் கடிதம் உனக்கு வந்திருக்கும். உன்னுடையது எனக்கு வந்துவிட்டது. இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

கடைக்குப் போகிற அவசரத்தில் பிரித்தேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மாதம் பிடிவாதம் பிடித்தாய். இன்னும் இரண்டு நாள் பிடித்திருக்கக் கூடாதா? சின்ன வயதிலிருந்து உன் பிடிவாதத்தால் நான் பட்டது கொஞ்சமா. முதல் முறையாக அதை நம்பி, அவசரமில்லை என்று கடிதம் போட்டேன். போனை எடுத்திருந்தால் முடிந்திருக்கும். கையில்தான் இருந்தது போன். உன் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தேன். இனி அதை நினைத்து நினைத்து என்ன செய்ய.

சொன்னதைச் செய்தாய். அதற்கு நான் உன்மேல் எப்படிக் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கோபமாகவும் இருக்கிறது.

பேச்சையும் எடுத்துவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் அவள் போட்டுப் பார்க்கப் போனாள், இல்லை. நான் சொல்ல வேண்டியதாயிற்று. புது ஷூவைக் காலில் மாட்டி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தாள். நான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ரோஜா நிறம், வெளுத்தது, பஞ்சால் துடைத்தது எல்லாம் படித்தேன். நடப்பதை நிறுத்திக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நீ அழிக்கச் சொன்னியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவங்க வேணாம்னு சொன்னாங்களா?" ஆமாம் என்றேன். ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

நீண்டது நீண்டதுதான், பலம் குறையாது என்று எழுதியிருந்தாயே, தோலின் இழையைப் பற்றி. அப்படி ஒன்று நமக்குள்ளும் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். மற்ற வகையாக இருந்தால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது. இனி நீ ஏதாவது சொன்னால் நான் எங்கே போடணும் என்று மட்டும் கேட்பேனா என்று தெரியவில்லை.

வா. வேண்டாம் என்று யார் சொன்னது. அளவெடுக்கிற சாமான் எதுவும் கொண்டுவராதே, சும்மா வா.

படுக்கப் போகும்போது அவள் ஒன்று கேட்டாள். "பெரியம்மா என் பேரைத் துடைக்கும்போது அழுதாங்களா?" கடிதத்தில் இல்லை என்றேன். "எழுதிக் கேளு" என்றாள்.

கேட்கிறேன். அழுதாயா?

உன் தங்கை